பச்சை மரத்தின் நெருப்பு



யாஸீன் அத்தியாயத்தை இதுவரை எத்தனை முறை ஓதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மையித்து வீடுகளில் ஓதியிருக்கிறேன். என் அத்தாவின் கடைசி நாள்களில் அவருடைய தலைமாட்டில் அமர்ந்து ஓதியிருக்கிறேன். பச்சை மரத்திலிருந்து நமக்கு நெருப்பைத் தந்தவன் அல்லாஹ் என்பதை நினைவூட்டும் அதன் 80ஆவது வசனத்தில் ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை. என்னை அங்கே நிறுத்தியவன் என் பதினான்கு வயது மகன்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைச் சூழ்ந்தபோது முகப்பேரில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. மின்சாரம் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த தீப்பெட்டிகள் ஊறிக் குச்சிகளின் மருந்து கரைந்துபோயிற்று. அடுப்பு லைட்டரும் வேலை செய்யவில்லை. உருளை நிறைய எரிவாயு இருந்தும் ஒரு பொறி இல்லாமல் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. என் தாயாருக்கு வெந்நீர்கூட வைக்க முடியவில்லை. நிலைமையை அறிந்த எதிர்வீட்டு அக்கா ஓர் அகல் விளக்கை ஏற்றி, காற்றுக்கு அணையாதபடி சொம்புக்குள் வைத்து, முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து கொடுத்தார்.

"எங்க ஊர்ல விடிஞ்சதும் கொட்டாங்கச்சியை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தணல் வாங்கப் போவோம். நெருப்பு கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க" என்றார் என் தாயார். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியைப் படித்திருந்தேன். அன்றுதான் அதன் பொருளைக் கையில் வாங்கினேன்.

அன்றிரவு விளக்கின் முன் அமர்ந்து யாஸீன் ஓதி முடித்தபோது மகன் கேட்டான்: "பச்சை மரத்திலிருந்து எப்படி அத்தா நெருப்பு வரும்?"

அந்தக் கேள்வியைவிட, அவன் என்னிடம் பேசியதே எனக்குப் பெரிதாக இருந்தது. அதற்குக் காரணம் நான்தான். மாலை நேர ஹிஃப்ழ் வகுப்பில் அவன் நான்கு ஜுஸ்உகளை மனனம் செய்திருந்தான். தினமும் இரவு அவன் ஓத, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்பேன். ஒரு பக்கத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தேன். ஒருநாள் உறவினர்கள் வந்திருந்தபோது ஓதச் சொன்னேன். அவன் ஓர் இடத்தில் தடுமாறினான். எல்லோர் முன்பும் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் அவன் வகுப்புக்குப் போகவில்லை. மூன்று மாதங்களாக என்னிடம் அவசியத்துக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

இலை சூரிய ஒளியை உள்வாங்குகிறது, அந்த ஆற்றல்தான் விறகில் எரிகிறது என்று விளக்கினேன். "அது சரி அத்தா. ஆனால், முதன்முதலில் இதைக் கேட்டவர்களுக்கு ஒளிச்சேர்க்கை தெரியாதே. அவர்கள் எதை நினைத்திருப்பார்கள்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இருவருமாக எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டோம். ஹிஜாஸில் மர்க், அஃபார் என இரு மரங்கள் உண்டு என்றும், அவற்றின் பச்சைக் கிளைகளை ஒன்றோடொன்று உரசி அரபிகள் தீ எடுப்பார்கள் என்றும் இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள் எழுதியிருப்பதை அவர் எடுத்துரைத்தார். ஸூரத்துல் வாகிஆவில் நெருப்பைப் பற்றி வரும் 'தூரூன்' என்ற சொல்லே, உரசித் தீ எடுப்பதைக் குறிப்பது. அவ்வாறு உரசும் கோலுக்கு 'ஸன்த்' என்று பெயர். நம் முன்கையில் இணையாக உள்ள இரண்டு எலும்புகளையும் அரபியர் அதே பெயரால் அழைக்கிறார்கள். நம் மொழியிலும் இதற்குத் 'தீக்கடைகோல்' என்ற பழைய சொல் இருக்கிறது.

"நாமும் செய்து பார்க்கலாமா?" என்றான் மகன். இரண்டு ரூபாய்க்குத் தீப்பெட்டி கிடைக்கும் நாட்டில் இது வீண் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

சென்னையில் மர்க் மரத்துக்கு எங்கே போவது? எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் வழக்கங்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலில், உராய்வினால் தீ உண்டாக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வயநாட்டிலும் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியிலும் வாழும் பணியர் மூங்கிலைக் கொண்டு தீ எடுக்கும் முறையையும் அவர் விவரித்திருக்கிறார். ஓரடி நீள மூங்கிலை நெடுக இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு பாதியின் விளிம்பைக் கத்திபோல் சீவ வேண்டும். மற்றதில் நீளவாட்டில் ஒரு பிளவு உண்டாக்கி, அதில் பருத்தித் துணியைத் திணித்து, முதுகுப்புறம் மேலாக இருக்கும்படி தரையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் குறுக்கே கூரிய விளிம்பை வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இழுக்க வேண்டும். அறுபடும் தூள் கனன்று துணியில் பற்றும்.

படிப்பதற்கு எளிதாக இருந்தது. பாடிப் பக்கத்தில் ஏணி மூங்கில் விற்கும் கடையில் ஒரு கழி வாங்கினோம். பழைய கைலியைக் கிழித்துத் திணித்தோம். மொட்டைமாடியில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் இழுத்தோம். முதல் நாள் கிடைத்தவை கிறீச்சென்ற ஓசையும் உள்ளங்கைக் கொப்புளங்களும்தான். மூங்கிலில் ஈரம் இருந்தது. மழைக்காலக் காற்றில் துணியும் நமத்துப்போயிருந்தது. இரண்டாம் வாரத்தில் புகை வந்தது. ஆனால், தூள் பழுப்பாகவே இருந்தது. தூள் கறுக்க வேண்டும், கையை நிறுத்திய பிறகும் அதிலிருந்து புகை எழ வேண்டும், அப்போதுதான் உள்ளே தணல் பிறந்திருக்கிறது என்று பொருள். இதைக் கற்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பிப்ரவரியில் ஒருநாள் கடுகளவு சிவப்பு தெரிந்தது. ஆவலில் பலமாக ஊதினேன். தூள் சிதறிப் பறந்தது, தணல் அணைந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மூங்கிலை எடுத்து ஓரமாக வைத்தான். அந்தப் பார்வையை நான் முன்பே கண்டிருக்கிறேன். உறவினர்கள் முன்னிலையில் அவன் தடுமாறிய நாளில் கண்டது அது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ரமலானில் நோன்போடு இந்த வேலை வேண்டாமென்று நிறுத்திவைத்தோம். மே மாதம் கத்திரி வெயிலில் மூங்கிலும் துணியும் தேங்காய் நாரும் மாடியில் கிடந்து மொறுமொறுவென்று காய்ந்தன. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மீண்டும் அமர்ந்தோம். என் தாயாரும் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். நான் பிடித்துக்கொண்டேன், மகன் இழுத்தான். முன்கை நோகும்போது மாறிக்கொண்டோம். புகை அடர்ந்தது. தூள் கறுத்தது. கையை எடுத்தோம், புகை நிற்கவில்லை.

நான் குனிந்தேன். "ஊதாதேப்பா" என்றார் என் தாயார். "நார்ல ஏந்திக்க. காத்து தானா வரும்." கொட்டாங்கச்சியில் தணல் சுமந்த கைகள் அவருடையவை. மகன் அந்தத் துணியை நாருக்குள் பொதிந்து, ஒரு குஞ்சுப் பறவையை ஏந்துவதுபோல் உள்ளங்கைகளில் ஏந்தினான். மாலைக் கடற்காற்று மெல்லத் தொட்டது. சிவப்பு பரவியது. சட்டென்று சுடர் எழுந்தது. பதறாமல் அதை மண்சட்டியில் இட்டான்.

யாரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் அவன் வாகிஆவின் அந்த வசனங்களை ஓதத் தொடங்கினான். நீங்கள் மூட்டும் நெருப்புக்கான மரத்தைப் படைத்தவர்கள் நீங்களா, நாமா என்று அல்லாஹ் வினவும் இடம் அது. அவன் மனனம் செய்திருந்த பகுதிதான். ஒரு சொல்லில் தடுமாறினான். திருத்த என் நாவு எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் தானாகவே பின்னே சென்று, சரியாக ஓதி முடித்தான்.

ஐந்து மாதங்கள் உழைத்தவனிடம் அந்தக் கேள்வி வந்தால் அது வேறு விதமாகக் கேட்கிறது. நாங்கள் செய்தது உரசியது மட்டும்தான். மூங்கிலை வளர்த்தது நாங்களல்ல. அதற்குள் நெருப்பை வைத்ததும் நாங்களல்ல. பிள்ளைக்குள் இறைமறையை இறக்குபவனும் நானல்ல. பக்கத்தில் அமர்ந்திருப்பதும் ஏந்திப் பிடிப்பதுமே என் பங்கு. கடிகாரத்தோடு அமர்ந்த இரவுகளில் நான் அணைத்தது எதை என்பதை எண்ணி வெட்கப்பட்டேன். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அத்தா" என்று மட்டும் சொன்னான்.

எரியும் நெருப்பை விட்டுவிட்டு உறங்க வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. மக்ரிபுக்கு இறங்கும் முன் மகனே தண்ணீர் ஊற்றி அணைத்தான்.

அவன் இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. சில நாள்களில் ஃபஜ்ருக்குப் பிறகு தானாக மாடிக்குச் சென்று ஓதுகிறான். நான் கீழே தேநீர் போடுகிறேன். தீக்குச்சியை உரசும்போதெல்லாம் ஒரு கணம் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறேன். மேலிருந்து வரும் குரலைக் கேட்கிறேன், எண்ணுவதில்லை.

நம் பிள்ளைகளின் உள்ளங்களில் அல்லாஹ் வைத்திருக்கும் ஒளியை நம் அவசரத்தால் அணைத்துவிடாமல் காக்கும் பொறுமையை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.