ரேங்க் போடாத நடுவர்கள்

மதிப்பிற்குரிய பேண்ட் ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழில் எழுதுகிறேன், என் மகள் உங்களுக்குப் படித்துச் சொல்வாள். ஃப்ளோரிடாவில் பிள்ளைகளைப் பள்ளி பேண்டில் சேர்த்திருக்கும் மற்ற தமிழ்ப் பெற்றோர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நாங்கள் அப்பாவிடம் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கி வளர்ந்தவர்கள். வருடாந்தர மதிப்பீட்டில் நம் பேண்டுக்கு 'சுப்பீரியர்' என்ற உச்சத் தரம் கிடைத்ததும் எங்களில் ஒருவர் உங்களிடம் முதலில் கேட்டது, "எத்தனாவது இடம் சார்?" என்பதுதான். "இடமே கிடையாது" என்று சிரித்தீர்கள். அன்று வாசித்த எல்லாப் பள்ளிகளும் நன்றாக வாசித்தால் எல்லோருக்கும் சுப்பீரியர்தான் என்றீர்கள். முதல் நன்றி அந்தப் பதிலுக்கு.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1923-இல் சிகாகோவில் முதல் தேசியப் பள்ளி பேண்ட் போட்டியை நடத்தியவர்கள் வாத்தியக் கம்பெனிக்காரர்கள். முதல் உலகப் போர் முடிந்து ராணுவ பேண்டுகள் சுருங்கிவிட, சரக்குக்குப் புது வாடிக்கையாளர்கள் வேண்டியிருந்தது. ஓஹையோவின் ஃபொஸ்டோரியா என்ற சிற்றூர்ப் பள்ளி முதல் பரிசைத் தட்டிச் சென்றது. பிறகு பொறுப்பு இசையாசிரியர்கள் பக்கம் வந்து, 1926 முதல் தேசியப் போட்டி முறையாக நடந்தது. மார்ச் இசைக்குப் பேர்போன ஜான் ஃபிலிப் சூசாவே நடுவராக உட்கார்ந்திருக்கிறார். இலினாய்ஸின் ஜோலியட் உயர்நிலைப் பள்ளி 1926, 1927, 1928 என்று தொடர்ந்து ஜெயித்துக் கோப்பையையே சொந்தமாக்கிக்கொண்டது. ஜோலியட்டுக்குச் சந்தோஷம்தான்; மற்ற ஊர்ப் பிள்ளைகள் எந்தத் தெம்பில் ரயில் ஏறுவார்கள்? 1930-களின் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை போய், தரப் பிரிவுகள் வந்தன. இரண்டாம் உலகப் போரோடு தேசியப் போட்டிகள் நின்றுபோனாலும் மாநிலங்கள் இந்தத் தர முறையைக் கைவிடவில்லை. பெயர் தெரியாத அந்தக் கால ஆசிரியர்களுக்கும் உங்கள் வழியாக என் நன்றி.

நம் மதிப்பீட்டில் என்னை அசத்தியது மேடையல்ல, அடுத்த பகுதி நடந்த பக்கத்து அறை. மேடையில் வாசித்தவை மாதக்கணக்காகப் பழகிய பாட்டுகள். இந்த அறையிலோ யாரும் பார்த்திராத இசைத் தாள் கைக்கு வருகிறது. சில நிமிடங்கள்தான். வாத்தியத்தில் ஒரு சத்தமும் எழக் கூடாது. நீங்கள் சுருதி மாறும் இடத்தைச் சுட்டிக் காட்டினீர்கள், சிக்கலான தாளத்தைப் பாடிக் காட்டினீர்கள். என் மகள் யூஃபோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு வால்வுகளை ஓசையில்லாமல் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்ததும் கையைத் தூக்கினீர்கள். அவ்வளவு பேரும் சேர்ந்து ஒன்றாகத் தொடங்கினார்கள். நடுவில் டிரம்பெட் வரிசை தடம் புரண்டது. நீங்கள் நிறுத்தவில்லை, இரண்டு வரி தாண்டி அவர்களாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள். இந்தப் பயிற்சிக்கு எவ்வளவு மார்க் போட்டாலும் தகும்.

இந்தத் தர முறையின் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலான பேண்டுகள் மேல் இரண்டு தரத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. கீழ்த் தரங்கள் பேருக்குத்தான் இருக்கின்றன. சுப்பீரியர் கைநழுவிவிடுமோ என்று சுலபமான பாட்டாகப் பொறுக்குகிறவர்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்வதில்லை. போன வருடம் கடினமான பாட்டை எடுத்து, ஒரு படி இறங்கி 'எக்ஸலண்ட்' வாங்கி வந்தீர்கள். மறுநாள் வகுப்பில் நடுவர்கள் பேசிப் பதிவு செய்திருந்த கருத்துகளைப் பிள்ளைகளுக்கே போட்டுக் காட்டினீர்களாம். எந்த இடத்தில் குழல்கள் ஓங்கிவிட்டன, எங்கே மூச்சு போதவில்லை என்று வாசிக்க வாசிக்கவே ஒருவர் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டபோது, தன் பேண்டை முதல் தடவை வெளியிலிருந்து கேட்டதுபோல் இருந்தது என்றாள் மகள். தரம் எழுதிய தாளை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த ஒலிப்பதிவை எங்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் நிதி வசூல், பஸ், சீருடை எல்லாம் பேசி முடித்தபின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.


யூஃபோனியம் வாசிக்கும் பெண்ணின் அப்பா