ஒரு நாணயமும் இரண்டு பாதைகளும்

1960 நவம்பர் 14. நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதுவரை வெள்ளையினக் குழந்தைகள் மட்டுமே பயின்ற பள்ளிக்குள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் நடந்து சென்றாள். வெளியே வசைபாடும் கூட்டம்; அவளைச் சூழ்ந்து மத்திய அரசின் மார்ஷல்கள்.

அதற்கு 106 ஆண்டுகள் முன்னர், 1854 ஜூனில், பாஸ்டன் தெருக்களிலும் மார்ஷலின் காவலர்கள் ஒரு கறுப்பினத்தவரைச் சூழ்ந்து நடந்தனர். அவர் ஆன்டனி பர்ன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து தப்பி வந்தவர். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அவரை உடைமையாளரிடம் ஒப்படைக்கச் சொன்னது, ஒப்படைத்தனர்.

இரண்டு நாள்களிலும் மார்ஷல்கள் செய்தது சட்டத்தை நிறைவேற்றும் பணியே. மாறியிருந்தது சட்டம்.

1789இல் உருவான இந்த அமைப்பின் 225ஆம் ஆண்டு நிறைவைப் போற்றும் நினைவு நாணயச் சட்டத்தில் 2012 ஏப்ரலில் அதிபர் ஒபாமா கையொப்பமிட்டார். 2015இல் நாணயங்கள் வெளிவந்தன. அதிகபட்சமாக 1,00,000 ஐந்து டாலர் தங்க நாணயங்கள், 5,00,000 வெள்ளி டாலர்கள், 7,50,000 அரை டாலர்கள் என்று சட்டமே வரம்பிட்டது. நாணயம் ஒவ்வொன்றுக்கும் முறையே 35, 10, 3 டாலர் கூடுதல் கட்டணம். அரசுக்குச் செலவு நேரக் கூடாது. வாங்கியவரே நினைவின் விலையைத் தந்தார். அக்கட்டணத்தில் முதல் 50 லட்சம் டாலர் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகரில் அமைந்துள்ள மார்ஷல் அருங்காட்சியகத்துக்கு. எஞ்சியதைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று அமைப்புகளுள் ஒன்று, காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம்.

ஃபோர்ட் ஸ்மித்தைத் தேர்ந்ததில் பொருத்தம் உண்டு. அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ், அங்கிருந்த நீதிமன்றத்தின் கீழ்த் துணை மார்ஷலாகப் பணியாற்றிப் புகழ்பெற்றார்.

அரை டாலரின் பின்புறத்தில் தராசு ஏந்திய நீதிதேவி நிற்கிறாள். அவளருகே பள்ளிப் புத்தகங்களும் உண்டு, கைவிலங்கும் உண்டு. புத்தகங்களைக் கண்டால் ரூபி நினைவுக்கு வருவாள். விலங்கைக் கண்டால் பர்ன்ஸ் நினைவுக்கு வருவாரா? அது குற்றவாளியின் விலங்காகவே கண்ணில் படும். கைப்பிடிக்குள் அடங்கும் உலோகத்தில் முழு வரலாறும் இடம்பெறாது. அதைக் குறையென்று சொல்லவும் இயலாது.

அருங்காட்சியகத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. அங்கே சுவர்கள் உண்டு, இடமும் உண்டு. நாணயம் ஈட்டித் தந்த பணத்தில் எழுந்த சுவரில் பள்ளிக்குச் சென்ற பாதையோடு பாஸ்டன் துறைமுகத்துக்குச் சென்ற பாதையும் காட்டப்பட வேண்டும். தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள். அந்தச் சோதனையில் தேற வேண்டியது நாணயம் அன்று. அதன் பெயரால் எழுப்பப்படும் நினைவு.