இஞ்சின் விடும் மூச்சு

பைக்குக்கு கோன் ஃபில்டர் மாட்டப் போகிறீர்களா? தாராளமாக. ஆனால் அதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "பிரீதர் ஹோஸை எங்கே விடப் போறீங்க?" பதில் வரவில்லை என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே பெஹாலாவில் என்னுடன் வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவன் ஊரிலிருந்து தன் கிளாசிக் 350ஐ ரயிலில் பார்சல் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். 2016 மாடல், கார்புரேட்டர் வண்டி. சௌராஸ்தா பக்கம் ஒரு கடையில் ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் போட்டுக்கொண்டான். சத்தம் என்னவோ அருமைதான். பத்தே நாளில் இஞ்சினைச் சுற்றி எண்ணெய்க் கசிவு. "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றான். குனிந்து பார்த்தால், ஏர்பாக்ஸுக்குப் போக வேண்டிய ரப்பர் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டிருக்கிறார்கள்! கேட்டதற்கு மிஸ்திரி, "கிச்சு ஹொபே நா, தாதா" (ஒண்ணும் ஆகாது அண்ணே) என்று சிரித்தார்.

ஆகும் தாதா, நிறையவே ஆகும். அது 346 சிசி ஒற்றைச் சிலிண்டர். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கீழே கிராங்க் கேஸில் அதே அளவு இடம் குறைகிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 தடவை. போதாததற்கு, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக எரிந்த வாயு, பெட்ரோல் ஆவி, நீராவி எல்லாம் கீழே இறங்கும். வெளியே போகிற வழியையும் அடைத்தால்? ஆயில் சீலையும் கேஸ்கெட்டையும் பிதுக்கிக்கொண்டுதான் வரும்.

சரி, அடைக்காமல் சும்மா தொங்கவிட்டால்? எண்ணெய் பின் டயரில் தெறிக்கும். வளைவில் வழுக்கினால் ஆளே காலி. இன்னொன்று, பெஹாலாவில் ஒரு பெரிய மழை போதும், தெருவில் முழங்கால் தண்ணீர். தாழத் தொங்கும் குழாய் அதை உள்ளே இழுத்தால் இஞ்சின் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி ஆகிவிடும்.

அந்தக் காலத்துக் கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயேதான் விட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்துக்கு இதிலும் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகு, கலிஃபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில் அதை இஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் ஏற்பாடு வந்தது. நம் பைக்கின் குழாய் ஏர்பாக்ஸுக்குப் போவதும் அதற்காகத்தான்.

தம்பி வண்டியில் போல்ட்டைப் பிடுங்கி, போன சீலை மாற்றினோம். குழாயை மடங்காமல் சீட்டுக்கு அடியில் ஏற்றி, ஒரு சின்ன கேட்ச் கேனில் விட்டு, அதன் மூடியில் குட்டி பிரீதர் ஃபில்டர் ஒன்றும் வைத்தாயிற்று. வாரம் ஒரு தடவை திறந்து கொட்ட வேண்டும். மழைக்காலத்தில் வெண்ணெய் மாதிரி வெளுப்பாகச் சேரும், பயப்பட வேண்டாம், எண்ணெயும் தண்ணீரும் கலந்ததுதான். கார்புரேட்டரில் மெயின் ஜெட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமே.

ஆனாலும் இது பாதித் தீர்வுதான். ஆவி இன்னமும் தெருவுக்குத்தான் போகிறது. என்னைக் கேட்டால் ஏர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பின் டயர் காய்ந்திருக்கும்.