புள்ளலூரில் ஒரு பகல்

காஞ்சி மாநகருக்குச் செல்லும் நம்மவர் கோயில்களைத் தரிசித்து, பட்டுச் சேலை வாங்கிக்கொண்டு திரும்புவர். அந்நகருக்கு வடக்கே சில கல் தொலைவில், வயல்களுக்கு நடுவே, புள்ளலூர் என்றொரு சிற்றூர் இருப்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ஆங்கில வரலாற்று நூல்கள் அதன் பெயரைப் 'பொள்ளிலூர்' என்று திரித்து எழுதிவைத்தமையால், படித்தவர்களும் அது மைசூர்ச் சீமையில் எங்கோ இருப்பதாக எண்ணிவிடுவதுண்டு. சான்பாடாவிலிருந்து விடுமுறைப் பயணச் சலுகையில் சொந்த ஊர் சென்றிருந்த நாங்கள், பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு பகலை அவ்வூருக்கென்றே ஒதுக்கினோம். உறவினர் சிரித்தனர். கோயில் இல்லாத இடத்திற்குக் குடும்பத்தோடு போவார் உண்டோ என்பது அவர்கள் வாதம்.

ஆயினும் புள்ளலூர் எளிய ஊர் அன்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் தலையாய பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. அப்பகைவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பர் ஆராய்ச்சியாளர். 634ஆம் ஆண்டின் ஐகோளே கல்வெட்டோ, புலிகேசிக்கு அஞ்சிப் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது. ஒரே பொருள் பற்றி இரண்டு அலுவலகங்கள் எழுதிய குறிப்புகளைப் போல, இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன. கோப்புகளோடு காலம் கழிப்பவர்க்கு இதில் வியப்பு இராது.

ஆனால் நாங்கள் தேடிச் சென்றது ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிந்திய போரை. 1780ஆம் ஆண்டு ஐதர் அலி பெரும்படையுடன் ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு தெற்கே விரைந்தார். காஞ்சியில் காத்திருந்த தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர்வது அவர் நோக்கம். கொசத்தலை ஆற்று வெள்ளம் அவரை நாள் கணக்கில் தடுத்தது. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு சுல்தான் வழிமறித்தார். உதவிப் படை வந்து சேர்ந்த பின் பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். பத்தாம் நாள் காலை, புள்ளலூர் வெளியில், தந்தையும் மகனும் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். மைசூர்ப் படையின் ஏவுகணைகள் சீறிப் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதன்பின் நடந்தது போர் அன்று, படுகொலை. மன்றோ உதவிக்கு வரவில்லை. தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி 1782இல் சீரங்கப்பட்டினத்தில் இறந்தார்.

மறு ஆண்டு, 1781 ஆகஸ்டு 27ஆம் நாள், சர் அயர் கூட் அதே இடத்தில் ஐதரோடு மோதினார். வெற்றி தோல்வி தெளிவாகாத போர் அது. முந்திய ஆண்டு வீழ்ந்தோரின் எலும்புகள் புதைப்பாரற்றுக் கிடந்ததை அவருடைய படையினர் கண்டனர்.

ஊர் எல்லையில் எங்கள் வண்டியை நிறுத்தி வழி கேட்டபோது, கழனியில் நின்ற பெரியவர் ஒருவர், "வெள்ளைக்காரன் தூணுங்களா? வாங்க சார், காட்டறேன்" என்று வரப்பின்மேல் முன்னே நடந்தார். எம் இல்லத்தரசி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார். இரண்டு ஊசித் தூண்கள். இரண்டும் 1781ஆம் ஆண்டுப் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்கு உரியவை. ஒருவர் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், மற்றவர் கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப். சுற்றிலும் பச்சை நெல். காற்று வீசும்போது கதிர் உரசும் ஓசை அன்றி வேறு ஒலி இல்லை.

"அதுல நம்ம ஆளுங்க பேரு இருக்குதா சார்?" என்று பெரியவர் கேட்டார். எழுத்துகளை முழுதும் படித்துப் பார்த்து, இல்லை என்றோம். "அதான் நெனச்சேன்" என்றார்.

எங்கள் மகன் சான்பாடாவில் பிறந்தவன். அவன் கேட்ட கேள்வி வேறு. "அப்பா, நம்மவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்?"

விடை எளிதன்று. பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் மதராஸ் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் முகமதியரும் அதில் இருந்தனர். மாதச் சம்பளத்திற்காக ஊரை விட்டு, பிறர் கொடியின் கீழ் நின்றவர்கள். எதிரே வந்து மடிந்த மைசூர்க் குடிமகனும் அவ்வாறே சோற்றுக்கு வந்தவன்தான். ஐரோப்பியருள் ஏறத்தாழ 200 பேர் சிறைப்பட்டனர் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். சிப்பாய்களின் பெயர் வரிசையை அவ்வயலில் எவரும் நாட்டவில்லை. சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இப்போரைத் தீட்டுவித்தார். அங்கே பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்தவண்ணம் அமர்ந்திருக்கிறார். சிப்பாய்களோ ஒரே முகம் கொண்ட வரிசைகள்.

இது நம் நாட்டு மரபு அன்று என்பதே எங்களை உறுத்தியது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், அதே மகேந்திரவர்மனின் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, அவனுக்குத் துணை நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் எழுதிய நாடு இது! நம் மராட்டிய மண்ணிலும் சான்று உண்டு. புனேக்கு அருகே கோரேகாவ் பீமாவில், 1818 சனவரி முதல் நாள் போருக்குக் கும்பினியார் எழுப்பிய தூணில் மாண்ட 49 பேரின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் 22 மகார் வீரர்களுடையவை. பிற்காலத்தார் அத்தூணுக்கு எத்தனை பொருள் கற்பித்தாலும், பேரனுக்குப் பேரன் வந்து விரலால் தடவிப் பார்க்க அங்கே ஒரு பெயராவது இருக்கிறது. கும்பினியார் வென்றதாகக் கொண்டாடிய களம் அது. தோற்ற களத்துச் சிப்பாய்க்குக் கல் செதுக்க எவருக்கு மனம் வரும்?

மகனிடம், இரு பக்கமும் நம்மவரே என்றோம். அவன் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. மதிய வெயில் ஏறிவிட்டது. பெரியவர் இளநீர் வெட்டித் தந்தார், காசு வாங்க மறுத்தார்.

இவ்வழியே செல்லும் அன்பர்கள் தக்கோலத்தையும் விட்டுவிட வேண்டாம்; மும்பையிலிருந்து வருவோர் அரக்கோணத்தில் இறங்கினால் அதுவும் அண்மையே. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் உயிர் நீத்த களம் அது. அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகனின் செயலைச் சொல்லும் ஆதகூர்க் கல்லைப் பெங்களூர் அருங்காட்சியகத்தில் காணலாம். காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்ற வேட்டை நாய்க்காக நாட்டப்பட்ட கல் அது. இளவரசனின் சாவு அதில் இடையே வரும் செய்தி.