மார்கழி ஓட்டம்

பனி கொட்டும் மார்கழி விடியலில், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி போர்வையை உதறிவிட்டுத் தெருவில் ஓடினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எங்கள் அம்பத்தூர்த் தெருவும் அதையேதான் நினைத்தது. மூன்றாம் வீட்டு மாமி கோலப்பொடி டப்பாவும் கையுமாக நிமிர்ந்து, "ஏண்டியம்மா, யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்டே விட்டார்.

துரத்தியது சர்க்கரை, மாமி! என் தாயாருக்கு அந்த வியாதியால் ஒரு கால் போயிற்று. எனக்கும் அது வாசற்படியில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று இரவு நான் தூங்கவில்லை.

பயம் பொல்லாதது. போன வருஷம் கார்த்திகையில் ஆரம்பித்து, ஜனவரிப் பந்தயத்தில் 10 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டுமென்று தினமும் தலைதெறிக்க ஓடினேன். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல்! இரண்டு மாதம் சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றதுதான் மிச்சம். விஷயம் என்னவென்றால், இருதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக் கணக்கில் அவகாசம் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று நம்பினால் கால் காட்டிக் கொடுத்துவிடும்.

நியூஸிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 800 மீட்டர் ஓடுகிற பையனைக்கூட வாரத்துக்கு 100 மைல் ஓடவைத்துத்தான் அஸ்திவாரம் போடுவார், வேகமெல்லாம் அப்புறம். ஊர் சிரித்தது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்நெல்லும் மர்ரே ஹால்பர்கும் ஒரே நாளில் இரண்டு தங்கம் வாங்கினார்கள்.

நூறு மைல் நமக்கு எதற்கு? ஐப்பசியில் நான் வாரத்துக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கினேன். வாரா வாரம் ஒன்றோ ஒன்றரையோ கூட்டுவேன். நாலாவது வாரம் குறைத்துக்கொள்வேன். ஓடிக்கொண்டே மளிகைக் கணக்கை வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும், திணறினால் நடைதான். இப்படி மெள்ள ஓட ஓடத்தான் சதைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுமாம், சதையும் சர்க்கரையை நன்றாக வாங்கிக்கொள்ளுமாம். அடைமழையில் தெரு குளமானபோது, மழை விட்ட நேரம் பார்த்து மொட்டை மாடியைச் சுற்றினேன். என் வீட்டுக்காரர் கீழேயிருந்து, "செக்குமாடு மேலே ஓடுகிறதா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கரை. நம் ஊரில் காலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குவது இந்த ஒரு பருவத்தில்தானே? சித்திரையில் ஆரம்பிக்கிறேன் என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

"பொம்மனாட்டிகளுக்கு இதெல்லாம் உண்டா?" என்பது மாமியின் அடுத்த கேள்வி. ஒலிம்பிக்காரர்களே 1984 வரை பெண்களுக்கு மாரத்தான் வைக்கவில்லை. மாமியை மட்டும் சொல்லி என்ன?

இப்போது வாரம் 20 கிலோமீட்டர். எலும்பு வாய் திறக்கவில்லை. ஆனாலும் ஜனவரிப் பந்தயத்துக்கு இந்த வருஷமும் பெயர் கொடுக்கவில்லை. தை பிறந்ததும் ரத்தப் பரிசோதனை. அதை நினைத்தால் வயிறு கலங்கத்தான் செய்கிறது. மாமி மட்டும் இப்போதெல்லாம் கோலத்தை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போடுகிறார், நான் மிதிக்காமல் போவதற்கு.