நடுவில் விடுபட்ட கையொப்பம்

கிராம சேவகர் தருகிற வதிவிடச் சான்றிதழை அப்படியே கொண்டுபோய்க் கொழும்பில் நீட்டினால், பிரதேச செயலாளரின் மேலொப்பம் எங்கே எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடிதத்தில் பிழை ஒண்டும் இராது. அங்கே இருக்கிற அலுவலருக்கு எங்கட கிராம சேவகரைத் தெரியாது, அவ்வளவுதான். மறைகுறியாக்கிய மின்னஞ்சலில் வருகிற பல தலையிடிகளுக்கும் காரணம் இதேதான்.

காணிப் பிணக்குகள் பற்றி மக்களிடம் வாக்குமூலம் சேகரிக்கும் தோழி ஒருத்தி அண்மையில் தொலைபேசியில் சொன்னாள்: “லோயருக்கு என்கிரிப்ட் பண்ணி அனுப்ப ஏலாமக் கிடக்கு. அவற்ர சேர்ட்டிபிக்கேட்டை நம்ப ஏலாதெண்டு தண்டர்பேர்ட் சொல்லுது. அவுட்லுக் வச்சிருக்கிற மற்றப் பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பேசாமல் சும்மாவே அனுப்பட்டே?”

கடைசிக் கேள்விதான் என்னைப் பயப்படுத்தியது. அந்தக் கோப்புகளில் ஆட்களின் பெயர், ஊர், யார் மீது முறைப்பாடு என்பதெல்லாம் இருந்தன.

அவர்கள் பாவிப்பது எஸ்மைம் முறை. அதில் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் அவரது மின்னஞ்சல் முகவரியும் பொதுத் திறவியும் இருக்கும். அதற்குக் கையொப்பமிடுவது ஓர் இடைநிலைச் சான்றிதழ். இடைநிலைக்குக் கையொப்பமிடுவது வேர்ச் சான்றிதழ். எங்கள் மென்பொருளிடம் முன்கூட்டியே இருப்பது பொதுவாக வேர் மட்டுந்தான். இடைநிலையை, கையொப்பமிட்ட மடலோடு சேர்த்து அனுப்புபவர்தான் அனுப்பவேண்டும்.

லோயரின் பழைய மடல் ஒன்றை வாங்கி ஓபன்எஸ்எஸ்எல்லில் சோதித்தேன். பிழை எண் 20 வந்தது. வழங்கியவரின் சான்றிதழைக் காணவில்லை என்று அதற்கு அர்த்தம். எண் 10 வந்திருந்தால் காலாவதி. அப்போது முதலில் கணினியின் திகதி சரியா எண்டு பார்க்கவேணும். 19 எண்டால் சங்கிலி வேர் வரை வந்திருக்கு, ஆனால் அந்த வேர் எங்கட நம்பிக்கைப் பட்டியலில் இல்லை. திரையில் மூண்டும் ஒரே சிவப்பு எச்சரிக்கை மாதிரித் தெரியலாம். ஆனால் மருந்து வேற வேற.

மடலுக்குள் லோயரின் சான்றிதழ் மட்டுமே இருந்தது. அவுட்லுக்கில் பிரச்சினை வராததன் காரணமும் இதுதான். வழங்கியவரின் சான்றிதழ் கிடைக்கும் முகவரி சான்றிதழுக்குள்ளேயே எழுதியிருக்கும். விண்டோஸ் தானாகவே போய் எடுத்து வரும். தண்டர்பேர்ட் அப்படிப் போகாது. சான்றிதழ்களுக்குத் தனக்கென ஒரு களஞ்சியத்தை வைத்திருக்கும். அந்த இடைநிலைச் சான்றிதழைப் பதிவிறக்கி அதில் சேர்த்தோம். எச்சரிக்கை போய்விட்டது. மடல்களோடு இடைநிலையும் போகும்படி அமைக்கச் சொல்லி லோயருக்கும் எழுதினோம்.

இணையத்தில் தேடினால் இதைவிடச் சுலபமான வழிகள் கிடைக்கும்: சரிபார்ப்பை நிறுத்து, இல்லாட்டி வேரை நம்புவதாக ஒரு டிக் போடு. இந்த இரண்டாவதில்தான் கவனம் தேவை. இடைநிலையைச் சேர்த்தாலும் அதை வேர் சரிபார்க்கும். வேரைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை, நாங்கள்தான். நம்பிவிட்டால், அது கையொப்பமிடும் எவரையும் எங்கள் கணினி நம்பும். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரிலேயே பொய்ச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் இருந்த ஜிமெயில் பயனர்களை உளவு பார்க்க அது பயன்பட்டது. உலாவிகள் அந்த வேரை நீக்கின. அதே செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. ஆகவே, அறியாத ஒரு வேரைச் சேர்க்கத்தான் வேணுமெண்டால், அதன் கைரேகை எண்ணை உரியவரிடம் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கோ.

தோழியின் கோப்புகள் அன்றிரவே பூட்டிய மடலாகப் போய்ச் சேர்ந்தன. முழு வேலைக்கும் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் உட்கார ஆள் இல்லாததால் எத்தனை வாக்குமூலங்கள் “சும்மாவே” போயிருக்கும்? உங்களுக்கு இது கொஞ்சம் விளங்கினால், இப்படிக் கோப்புகளோடு வேலை செய்கிற ஒருவருக்குப் பக்கத்தில் ஒருநாள் மினக்கெட்டு இருங்கோ.