மைனஸ் 150, ப்ளஸ் 130

திருவண்ணாமலையில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்துக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். லோடு வராது, மண்டி ஓய்ந்துவிடும். அப்படியொரு மாலையில் மூட்டை தூக்கும் தம்பி செல்போனை நீட்டினான். “அண்ணே, சென்னைக்கு மைனஸ் 150, பெங்களூருக்கு ப்ளஸ் 130னு போட்டிருக்கு. மைனஸ்னா சென்னை தோத்துடுமா?”

நேர் எதிர். ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கிற அணிக்குத்தான் மைனஸ். 100 ரூபாய் லாபம் பார்க்க 150 கட்ட வேண்டும். ப்ளஸ், வாய்ப்புக் குறைந்த அணிக்கு: 100 கட்டினால் 130 லாபம். ஜெயித்தால் கட்டிய பணமும் திரும்பும். அமெரிக்கப் பந்தயக்காரர்கள் எழுதும் முறை இது.

விளக்கும்போது எனக்கே ஆசை தட்டியது. அந்த 130 கண்ணை இழுத்தது. ஒரு தடவைகூடப் பந்தயம் கட்டாத என்னையே இழுக்கிறதென்றால், அன்றன்று கூலி வாங்கும் பையனை என்ன பாடு படுத்தும்?

பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 150ஐ 250ஆல் வகுத்தால் 60 சதவீதம். 100ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43.5. ஜெயிக்கப்போவது ஓர் அணிதான். இரண்டு வாய்ப்பும் சேர்ந்து 100 வர வேண்டும். 103.5 வந்தது. தம்பிக்குச் சதவீதம் பிடிபடவில்லை. ரூபாயாகவே சொன்னேன்: சென்னை மேல் ஒருவன் 150 கட்டுகிறான், பெங்களூர் மேல் இன்னொருவன் 109. கல்லாவில் 259. சென்னை ஜெயித்தால் 250 போகும். பெங்களூர் ஜெயித்தால் 250 ரூபாய் 70 காசு. எது ஜெயித்தாலும் எட்டு ரூபாய்க்கு மேல் நடத்துபவனிடம் தங்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் இப்படித்தான்.

மண்டியிலும் தரகு உண்டு. ஆனால் எங்கள் பில்லில் அது தனி வரி. விவசாயி பார்த்துக் கேள்வி கேட்கலாம். இங்கே இரண்டு எண்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

இணையச் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் தடைச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. இரண்டையும் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் அவன் கண் தாளிலேயே இருந்தது.

“சில மேட்ச்ல ரெண்டு பக்கமும் மைனஸ் 110னு இருக்கே, அண்ணே?”

சமபலமான அணிகள் மோதினால் அப்படி வரும். ஆளுக்கு 110 வாங்கினால் 220, ஜெயித்தவனுக்கு 210. மிச்சம் பத்து. இந்த முறை தம்பியே செல்போன் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தான். “நூத்துக்கு நாலரை ரூபா. முன்னதைவிட இதுல பிடித்தம் ஜாஸ்தி, அண்ணே.”